அம்மாவின் ஜாடியும் ஜப்பான் ஜாடியும்

போன ஞாயிறு இங்கே பெங்களூர் அவென்யூ ரோடு பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் வெள்ளைப் பீங்கான் ஜாடி ஒன்றைப் பார்த்தேன். "ஜப்பான் மருந்து ஜாடி சார்" என்றார் கடைக்காரர். விலையைக் கேட்டதும் கீழே வைத்துவிட்டேன்.

1650களில் சீனாவில் உள்நாட்டுச் சண்டை. பீங்கான் வரத்து குறைந்துபோனது. டச்சுக் கம்பெனி, பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்த தன் மருந்துக்கடைக்காக ஜப்பானின் அரிதா குயவர்களிடம் ஜாடிகள் செய்யச் சொல்லி வாங்கியது. களிம்பு, எண்ணெய் எதுவும் பீங்கானில் ஊறாது. வாய் விளிம்பு வெளியே மடிந்திருக்கும், மேலே மூடிக் கயிற்றால் கட்டுவதற்கு.

அட, நம்ம வேடு கட்டுவதுதான்! மாவடு ஜாடிக்கு அம்மா வெள்ளைத்துணியில் கட்டுவார்கள். டிரான்ஸ்ஃபர் வந்தபோது "கனம், வழியில் உடையும்" என்று அந்த ஜாடியைப் பழைய சாமான்காரரிடம் போட்டவன் நான். தேய்மானம் எழுதியே பழகிய புத்தி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மாவடு போடவும் இல்லை.

அரிதா ஜாடியை யாரும் ஷோகேஸுக்காகச் செய்யவில்லை. உங்கள் ஊர் வீட்டுப் பரணிலும் ஒரு ஜாடி இருக்கும். விற்காதீர்கள், அலங்காரமாகவும் வைக்காதீர்கள். எடுத்து வந்து மாவடு போடுங்கள். வேடு கட்டப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.