பிடி அரிசி



டிசம்பர் இதழ் அச்சுக்குப் போகிற வாரத்தில் எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம் வந்துவிடும். நாசரேத்தில் 97 வயதுவரை இருந்தாள். பாட்டிகளைப் புனிதைகளாக்கும் கட்டுரைகள் இந்த மேசைக்கு நிறைய வருகின்றன, பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். எங்கள் ஆச்சி அந்த வகையில் சேர்த்தி இல்லை. பிரசங்கம் அரை மணியைத் தாண்டினால் பக்கத்துத் தெருவரை கேட்கிற மாதிரி தொண்டையைச் செருமுவாள். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் ஒரு முட்டையை அநியாய விலைக்கு ஏற்றிவிட்டு, கடைசி நேரத்தில் வாயை மூடிக்கொண்டு எதிராளியை மாட்டிவிடுவாள்.

பிறந்தது 1926இல், மெய்ஞ்ஞானபுரத்தில். மிஷனரி ஜாண் தாமஸ் ஐயர் கட்டிய கோயிலின் 192 அடிக் கோபுரம் அவளுடைய சொந்தச் சொத்து மாதிரி. அதைவிடக் குட்டையான எந்தக் கோபுரத்தையும் மதிக்கமாட்டாள். 1946இல் நாசரேத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அது சி.எம்.எஸ். மிஷன் ஊர், இது எஸ்.பி.ஜி. மிஷன் ஊர். திருநெல்வேலி அத்தியட்சாதீனம் ஒன்றேதான் என்றாலும், ஆராதனையில் எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்கால் போடுவது என்பதில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டாம். முதல் ஞாயிறு, கோயிலே எழுந்து நிற்கையில் புதுப்பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார்மார் சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டினார்கள்.

மறுவருஷம், 1947 செப்டம்பர் 27இல், பல சபைகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆயின. "நான் வந்த பொறவுதாம்ல எல்லாரும் ஒண்ணு சேந்தாவ" என்பாள். 2003இல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் பிரிந்தபோது அதற்குத் தான் பொறுப்பில்லை என்றும் சொன்னாள். பெயர்ப் பலகைகள் மாறின. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசை, தூண் ஓரம், அவள் இடம் மாறவில்லை.

சாயங்கால ஜெபத்தில் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் சொல்லியாக வேண்டும். நாங்கள் எல்லாரும் யோவான் 11ஆம் அதிகாரத்தில் மூன்றே சொற்களில் முடிகிற வசனத்துக்கு அடித்துக்கொள்வோம். முதலில் சொன்னவன் தப்பித்தான்.

ஆனால் ஆச்சி என்றதும் என் கண்ணில் நிற்பது கோயில் இல்லை, அடுக்களை. உழக்கில் அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துப் பனையோலைக் கொட்டானில் போடுவாள். மாசம் ஒரு தடவை சபைப் பெண்கள் வந்து மிஷன் ஊழியத்துக்கென்று வாங்கிப் போவார்கள். வீட்டில் கஞ்சிக்கே இழுபறியான நாளிலும் அந்தப் பிடி நின்றதில்லை என்று அப்பா சொல்வார். பாளையங்கோட்டையில் 1903இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது. அதை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, மெய்ஞ்ஞானபுரத்துப் பக்கம் வெள்ளாளன்விளைக்காரர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். ஆகவே தன் கொட்டான் அரிசி நேரே தெலுங்கு நாட்டுக்குத்தான் போகிறது என்பது ஆச்சியின் கணக்கு. நாங்கள் யாரும் அதைத் திருத்தப் போகவில்லை.

2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மையார் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானபோது பேப்பரைப் படித்துக் காட்டினேன். ஒரு பொம்பளை பிஷப்பா என்று முகம் சுளிப்பாள் என்று நினைத்தேன்.

"எந்த ஊருன்னே?"

"ஆந்திரா, ஆச்சி."

"அப்பொ நம்ம அரிசி திண்ணவதான்" என்று சொல்லிவிட்டுக் கருப்பட்டிக் காப்பியைக் கையில் எடுத்தாள். விஷயம் முடிந்தது.

கடைசி வருஷங்களில் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. பிடித்த அரிசி இடுக்கு வழியே உழக்கிலேயே கொட்டிவிடும். கொட்டானுக்குப் போய்ச் சேருவது பாதிதான். அது அவளுக்குத் தெரியும். அதனால் இரண்டு தடவை எடுப்பாள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சித்தி குக்கருக்கு டம்ளரில் அரிசி அளந்துகொண்டிருந்தாள். ஒரு பிடி எடுத்துக் கொட்டானில் போட்டாள். பிறகு இன்னொரு பிடி. சித்திக்கு விரல்கள் நன்றாகத்தான் மடங்குகின்றன.

அன்புடன்,
ஆசிரியர்