வீட்டுக் கணினியின் ஓய்வு நேரமும் ஓர் அமானிதமே



பழநியை அடுத்த தொப்பம்பட்டி போன்ற ஊர்களிலும் இன்று பல வீடுகளில் ஒரு கணினி இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்காகவோ கடைக் கணக்குக்காகவோ வாங்கியதாக இருக்கும். கடிதம் தட்டச்சு செய்வதற்கும் பாடக் காணொளி பார்ப்பதற்கும் அதன் திறனில் ஒரு சிறு பங்கே போதுமானது. எஞ்சிய திறனை மருத்துவ, அறிவியல் ஆராய்ச்சிக்குக் கொடுக்க வழிசெய்யும் மென்பொருள்கள் உள்ளன. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை இதைக் கேள்விப்பட்டு வந்து, "அத்தா, நம் கணினியிலும் போடலாமா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

போடலாம் என்பதே என் கருத்து. ஆனால், நாம் கொடுப்பது யாருக்குப் பயன்படுகிறது, வீட்டுக்கு அது என்ன செலவு வைக்கிறது, கணினி யாருக்குச் சொந்தமானது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே போட வேண்டும். இது மார்க்கத் தீர்ப்பு அன்று. குடும்பத் தலைவர்களும் தலைவிகளும் எண்ணிப் பார்ப்பதற்காக எழுதப்படும் ஒரு கருத்து மட்டுமே.

முதலில் இது எவ்வாறு நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வோம். ஓர் ஆய்வுக் குழுவிடம் ஆண்டுக்கணக்கில் செய்தாலும் முடியாத அளவுக்குக் கணக்கீட்டு வேலை இருக்கிறது. அதை ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, விருப்பமுள்ளவர்களின் கணினிகளுக்கு இணையம் வழியாக அனுப்புகிறார்கள். நம் கணினி தன் துண்டைக் கணக்கிட்டு விடையைத் திருப்பி அனுப்புகிறது. பல திட்டங்களில் ஒரே துண்டை இருவேறு கணினிகளுக்குக் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வழக்கமும் உண்டு.

1999 மே மாதத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகம் தொடங்கிய செட்டி அட் ஹோம் திட்டம்தான் இந்த முறையை உலகறியச் செய்தது. விண்வெளியிலிருந்து அறிவுள்ள உயிர்களின் வானொலிக் குறிப்புகள் ஏதும் வருகின்றனவா என்று அது தேடியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இணைந்தார்கள். தேடிய குறிப்பு கிடைக்கவில்லை. 2020 மார்ச் 31-உடன் அத்திட்டம் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. ஆயினும் அந்த அனுபவத்திலிருந்து அதே பல்கலைக்கழகத்தில் 2002-இல் பாயிங்க் என்னும் பொது மென்பொருளின் உருவாக்கம் தொடங்கியது. இதன் மூல நிரல் எவரும் பார்க்கத் திறந்திருக்கிறது. இந்த ஒரு மென்பொருளை நிறுவிக்கொண்டால், பல ஆய்வுத் திட்டங்களில் நமக்கு விருப்பமானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். நாம் கொடுப்பது யாருக்குப் பயன்படுகிறது? ஸதக்கா கொடுக்கும்போது அது தேவையுடையவரைச் சேர்கிறதா என்று பார்த்துக் கொடுக்கிறோம். கணினி நேரத்தையும் அவ்வாறே கொடுக்க வேண்டும். பாயிங்கில் இயங்கும் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் 2004-இல் ஐபிஎம் நிறுவனத்தால் தொடங்கப்பட்டது. 2021-இல் கனடாவின் டொரான்டோ நகரிலுள்ள கிரெம்பில் ஆராய்ச்சி நிறுவனத்தின் பொறுப்புக்கு மாறியது. இதில் சேரும் ஆய்வுக் குழுக்கள் தங்கள் முடிவுகளைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. புற்றுநோய், கோவிட் எனப் பல நோய்கள் குறித்த ஆய்வுகள் இதன்மூலம் நடந்திருக்கின்றன.

அவற்றுள் நம் நாட்டவர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, 2016-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் நடத்திய இந்த ஆய்வு, காசநோய்க் கிருமியை மருந்துகளிடமிருந்து காக்கும் அதன் மேலுறையின் தன்மையைக் கணினியில் ஆராய்ந்தது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர் என்னும்போது, இது நமக்குத் தொலைவான செய்தியாக இருக்க முடியாது.

காசநோய் ஆய்வில் நம் தமிழகத்து வீடுகளுக்கு முன்பே ஓர் இடம் உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மருத்துவ விடுதியிலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் சிகிச்சை அளித்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே பலனைத் தருகிறது என 1959-இல் வெளியான முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. பின்னாளில் 2008-இல் சிஎஸ்ஐஆர் தொடங்கிய திறந்தநிலை மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டத்தில், மாணவர்களும் தன்னார்வலர்களும் காசநோய்க் கிருமியின் ஏறத்தாழ 4,000 மரபணுக்களைப் பற்றிய தகவல்களை இணையம் வழியாகத் தொகுத்தார்கள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே இருப்பவர்களின் பங்கு எத்தகையது என்பதற்கு இவை சான்றுகள்.

வேறு நல்ல திட்டங்களும் உள்ளன. புரதங்களை ஆராயும் ரொசெட்டா அட் ஹோம், 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியைப் பெற்ற டேவிட் பேக்கரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வகத்தைச் சேர்ந்தது; ஆனால் இதற்கு நினைவகம் கூடுதலாக வேண்டும். 2000-இல் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம் தனி மென்பொருளாக இயங்குவது. விளையாட்டுக்கான வரைகலை அட்டை உள்ள கணினிகளுக்கு அது ஏற்றது. பருவநிலை ஆய்வுத் திட்டத்தின் வேலைகள் நாள்கணக்கில் ஓடக்கூடியவை, கோப்புகளும் பெரியவை. கைபேசி இணையத்தைப் பகிர்ந்து பயன்படுத்தும் வீட்டுக்கு அது ஒத்துவராது. எந்தத் திட்டத்தில் இப்போது வேலை வழங்கப்படுகிறது என்பது காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே சேர்வதற்கு முன் அதன் அண்மை அறிவிப்புகளைப் படித்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி செலவைப் பற்றியது. "சும்மா கிடக்கும் கணினிதானே, இதில் என்ன செலவு?" என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. சும்மா இருக்கும் கணினி குறைவாகவே மின்சாரம் எடுக்கிறது. கணக்கீட்டில் ஈடுபட்டால் கூடுதலாக எடுக்கிறது. எடுத்துக்காட்டாக, நாள்தோறும் 5 மணி நேரம் எப்படியும் இயங்கும் கணினி, இந்த வேலைக்காக 60 வாட் கூடுதலாக எடுக்கிறது என்று கொள்வோம். 60 நாளில் 18 யூனிட் ஆகும். அதே கணினியை இதற்காகவே இரவும் பகலும் இயங்கவிட்டு, மொத்தம் 120 வாட் செலவானால், 60 நாளில் ஏறத்தாழ 173 யூனிட் ஆகிவிடும். தமிழகத்தில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். பயன்பாடு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடும். ஆக, கூடுதலாகச் செலவாகும் யூனிட்டுகள்தாம் நமக்கு மிக அதிக விலையில் வருகின்றன.

வீண்விரயத்தைக் கடுமையாக எச்சரிக்கும் மார்க்கம் நம்முடையது. பழைய கணினி ஒன்று, புதிய கணினி சில நிமிடங்களில் முடிக்கும் வேலையைப் பல மடங்கு மின்சாரம் எடுத்து முடிக்குமானால், அதை இரவெல்லாம் ஓடவிடுவதை நன்மை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. சித்திரை வெயிலில் அந்தக் கணினி கக்கும் வெப்பமும் சேர்ந்து, மின்விசிறியின் வேகத்தைக் கூட்ட வைக்கும். மடிக்கணினி மின்கலத்தில் ஓடும்போது பாயிங்க் வழக்கமாகத் தானே நின்றுவிடும். ஆனால் மேசைக் கணினி வீட்டு இன்வெர்ட்டரில் ஓடுவதை அந்த மென்பொருளால் அறிய முடியாது. மின்வெட்டு நேரத்தில் நாமே நிறுத்தாவிட்டால், விளக்குக்கும் விசிறிக்கும் வேண்டிய மின்சாரத்தை அது எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது கேள்விதான் எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. கணினி யாருடையது? அலுவலகத்திலோ பள்ளியிலோ மதரஸாவிலோ நம் பொறுப்பில் விடப்பட்ட கணினி ஓர் அமானிதம். நோக்கம் எவ்வளவு உயர்ந்ததானாலும், உரிமையாளரின் அனுமதியின்றி அதில் இத்தகைய மென்பொருளை நிறுவுவது கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், தாம் பணிபுரிந்த கல்லூரியின் கணினிகளில் இத்தகைய மென்பொருளை நிறுவிய பணியாளர் ஒருவர்மீது குற்றவழக்கே தொடுக்கப்பட்டது. 2002-இல் தண்டத்தொகையோடும் நன்னடத்தைக் கண்காணிப்போடும் அவ்வழக்கு முடிந்தது. பிறர் பொருளிலிருந்து தர்மம் செய்ய நமக்கு உரிமை இல்லை. வீட்டிலும் இதே ஒழுங்கு பொருந்தும்: மின்கட்டணம் கட்டுபவருக்குத் தெரியாமல் பிள்ளைகள் இதை ஓடவிடக் கூடாது.

நிய்யத் குறித்தும் ஒரு சொல். இத்திட்டங்களில் ஒவ்வொருவரும் செய்த வேலைக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. குழுக்களுக்கிடையே போட்டியும் தரவரிசையும் உண்டு. ஊக்கத்துக்கு அது உதவலாம். ஆனால் புள்ளிக்காகவே புதிய கணினி வாங்கும் நிலைக்குப் போனால், அங்கே முகஸ்துதி நுழைந்துவிடுகிறது. இன்னொன்று: கணினியை ஓடவிட்டால் பணம் வரும் என்று ஆசை காட்டும் செயலிகளையும் இதையும் ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். மென்பொருளைப் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தின் பாயிங்க் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பிலிருந்து வேண்டாம்.

எனவே ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு என் பரிந்துரை இதுதான்: பாயிங்க் மென்பொருளும் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் திட்டமும். அமைப்புகளில் கணினித் திறனின் பயன்பாட்டை 50 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துங்கள். படிப்புக்கோ தொழிலுக்கோ கணினி எப்படியும் இயங்கும் நேரத்தில் மட்டும் அது ஓடட்டும். வேலை முடிந்ததும் கணினியை அணைத்துவிடுங்கள். மின்கட்டணமே சுமையாக இருக்கும் குடும்பத்துக்கு இது தேவையில்லை. இரத்த தானம் செய்வதும், அண்டை வீட்டு நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் மருத்துவத்துக்குச் செய்யும் உதவிகளே.

முடிந்தவர்கள் அடுத்த மின் கணக்கெடுப்பு நாளிலிருந்து தொடங்குங்கள். இரு மாதம் கழித்து வரும் கட்டணத்தை முந்தைய கட்டணத்தோடு ஒப்பிட்டு, குடும்பமாக அமர்ந்து மஷூரா செய்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுங்கள். அல்லாஹ் நம் சிறு முயற்சிகளையும் ஏற்றுக்கொள்வானாக. வல்லாஹு அஃலம்.