தாய் உட்கார்ந்து உண்ணட்டும்

தேகாரோக்கியத்தைப் பற்றி நம் காலத்தில் வழங்கப்படும் உபதேசங்களுக்குக் குறைவே இல்லை. ஆனால், விடியுமுன் எழுந்து, பால் காய்ச்சி, இட்லி ஊற்றி, எல்லோருக்கும் மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து, மின்சார ரயிலையோ கம்பெனி பஸ்ஸையோ ஓடிப் பிடித்து, மாலையில் வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றிய கையோடு மறுபடி அடுப்படியில் புகும் ஒரு தாயிடம், நாள்தோறும் ஒரு மணி நேரம் தேகப்பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லுகிறவர்கள், அந்த ஒரு மணி நேரத்தை அவள் எங்கிருந்து எடுப்பாள் என்பதை யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிஷங்களைச் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிஷங்களே.

இந்த நெருக்கடியில் முதலில் பலியாவது அவளுடைய காலை ஆகாரந்தான். அடுப்பு மேடையின் ஓரத்தில் நின்றபடியே, பிள்ளை மிச்சம் வைத்த அரைத் தோசையை வாயில் போட்டு, ஆறிப்போன காபியால் அதை உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்புகிற பெண்களை நாம் எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தசோகை உடையவர்கள் என்றும், நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள் என்றும் கூறுவதை, இந்த நின்றபடி உண்ணும் வழக்கத்தோடு சேர்த்து வைத்தே நான் வாசிக்கிறேன்.

வருஷப் பிறப்பன்று செய்துகொள்ளும் பெரிய சங்கல்பங்கள் இதற்குப் பரிகாரமாகா. அவை பிரசவ வைராக்கியத்தைப் போன்றவை. பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் போதும், அத்தனையும் கலைந்துவிடும். லண்டன் யூனிவர்ஸிடி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நித்தியம் நடக்கும் ஒரு காரியத்தோடு இணைத்துச் செய்யப்படும் சிறு செயல் தானாகவே நடக்கும் பழக்கமாக மாறுவதற்குச் சிலருக்கு 18 நாளும் சிலருக்கு 254 நாளும் பிடிக்கலாம் என்றும், நடுத்தரமாக 66 நாள் ஆகிறதென்றும் தெரியவந்தது. அதைவிட முக்கியமாக, இடையில் ஒரு நாள் தவறிப்போனதால் பழக்கம் குலைந்துவிடவில்லை என்றும் அவர்கள் கண்டார்கள். தாய்மார்களுக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறென்ன வேண்டும்?

ஆகவே, ஆரம்பம் மிகச் சிறியதாகவே இருக்கட்டும். காலை ஆகாரத்தைத் தட்டில் எடுத்துவைத்து உட்கார்ந்து உண்பது முதற்படி. அது நிலைத்த பிறகு, காபியைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம்; காபியிலும் தேநீரிலும் உள்ள சில பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கின்றன. எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்கு நேர்மாறாக உதவி செய்கின்றன. தேகப்பயிற்சியும் அப்படியே: வாரத்துக்கு 150 நிமிஷம் வேண்டும் என்று கூறும் உலக சுகாதார நிறுவனம், தொடர்ந்து பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் கைவிட்டுவிட்டது. ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடப்பதும் கணக்கில் சேரும்.

ஆனால், எல்லாப் பழக்கங்களும் அவளுடைய சிரத்தையால் மாத்திரம் அமைந்துவிடுவதில்லை. காலையில் நிரப்பிக்கொண்டு போன தண்ணீர்ப் புட்டி மாலையில் முக்கால்வாசி நிறைந்தே திரும்பி வருகிறதென்றால், அதன் காரணம் பெரும்பாலும் மறதியல்ல. வேலை செய்யும் இடத்தில் பெண்கள் போகத்தக்க சுத்தமான கழிப்பறை இல்லாமையும், நினைத்தபோது எழுந்து போகும் சுதந்திரம் இல்லாமையுமே. தாகத்தையும் சிறுநீரையும் ஒருங்கே அடக்கிக்கொண்டு நாள் முழுதும் வேலை செய்யும் பெண்களைச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி பீடிப்பதில் ஆச்சரியமில்லை. ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே தீரவேண்டியிருந்த விற்பனைப் பெண்களுக்கு இருக்கை அளிக்க வேண்டும் என்பதைக்கூட, 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தத்தின் மூலமாகத்தான் விதிக்க வேண்டியிருந்தது. உட்கார நாற்காலி தராத முதலாளியும், பத்து நிமிஷம் விட்டுக்கொடுக்காத குடும்பமும் இருக்கும்வரை, ஆரோக்கியம் உன் கையில்தான் இருக்கிறது என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அநியாயம் என்றே கருதுகிறேன்.

வீட்டிலுள்ள ஆடவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாளைக் காலையில் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும் பொறுப்பை, யாரும் கேட்பதற்கு முன்பே நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்; மறுநாளும் அதை விடாமல் செய்யுங்கள்.