முந்தியவர் பட்ட பாடு

பந்திக்கு முந்த வேண்டும் என்பார்கள். ஆனால் சோறு வேகுமுன் இலையைப் போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஜப்பானைச் சேர்ந்த சேகா கம்பெனி இதை அனுபவத்தில் கண்டது.

டெலிவிஷனோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டு யந்திரங்களைச் செய்வதில் சேகா பெயர் பெற்றிருந்தது. 1989-ல் அது 'ஜெனிசிஸ்' யந்திரத்தை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது அங்கே நின்டெண்டோ கம்பெனியின் கொடிதான் பறந்தது. நின்டெண்டோவின் அடுத்த யந்திரம் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1991-ல்தான். இடையில் கிடைத்த இரண்டு ஆண்டுகளைச் சேகா நன்றாகப் பயன்படுத்திக் கொண்டது. முந்தினால் லாபம் என்ற எண்ணம் அப்போது வேரூன்றி இருக்க வேண்டும்.

பிறகு சோனி களத்தில் இறங்கியது. 1994 நவம்பரில் சேகாவின் 'சாட்டர்ன்', டிசம்பரில் சோனியின் 'பிளேஸ்டேஷன்' என இரண்டும் ஜப்பானில் வெளிவந்தன. அமெரிக்காவில் 1995 செப்டம்பர் 2-ந் தேதி சாட்டர்ன் விற்பனைக்கு வரும் என்பது சேகாவின் அறிவிப்பு. சோனியும் அதே செப்டம்பரைத்தான் குறி வைத்திருந்தது.

1995 மே 11-ந் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வீடியோ விளையாட்டுத் தொழிலின் பெரிய கண்காட்சி. சேகாவின் அமெரிக்கத் தலைவர் டாம் கலின்ஸ்கி மேடை ஏறினார். சாட்டர்ன் அன்றே கடைகளில் கிடைக்கும், விலை 399 டாலர் என்று அறிவித்தார். இந்த அவசரம் அவருக்கே பிடிக்கவில்லை. ஜப்பானியத் தலைமையின் முடிவு அது. சற்று நேரத்தில் சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்தார். "299" என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்! வியாபார உலகில் இவ்வளவு சிக்கனமான பிரசங்கம் வேறு உண்டா என்பது சந்தேகமே.

சேகாவிடம் அப்போது இருந்த சரக்கு சுமார் 30,000 யந்திரங்கள். குறிப்பிட்ட சில கடைக்காரர்களுக்கு மட்டுமே அவை கிடைத்தன. மற்றவர்கள் கொதித்தார்கள். 'கே.பி. டாய்ஸ்' என்ற பொம்மைக் கடை நிறுவனம் சேகா சரக்கே வேண்டாம் என்று ஒதுக்கியது. வெளிக் கம்பெனிகள் செப்டம்பரை நம்பி விளையாட்டுகளைத் தயாரித்துக் கொண்டிருந்தன. வாங்கியவர்களோ சேகாவே வெளியிட்ட சில விளையாட்டுகளோடு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

போட்டியாளனிடம் ரகசியம் காப்பது விவேகம். தன் சரக்கை விற்றுத் தர வேண்டியவர்களிடமே ரகசியம் காப்பதை என்னவென்று சொல்வது? அதிர்ச்சி வைத்தியம் சோனிக்கு. நோவு வந்ததோ கூட்டாளிகளுக்கு. செப்டம்பர் 9-ந் தேதி பிளேஸ்டேஷன் வந்தது. முந்தி வந்ததால் சேகா பெற்ற நான்கு மாதங்களும் வீணாயின.

தேதி ஒன்றே சேகாவை வீழ்த்தியது என்பதும் நியாயமாகாது. 100 டாலர் விலை வித்தியாசம் சாமானியமானதல்ல. இரட்டை மூளை கொண்ட சாட்டர்னுக்கு விளையாட்டு எழுதுவதும் கடினமான வேலை.

அடுத்த முறை சேகா திருந்தியே வந்தது. 'டிரீம்காஸ்ட்' யந்திரத்துக்கு 9.9.1999 என்று அமெரிக்காவில் நாள் குறித்து, ஊரறியச் சொல்லி, கடைகளை நிரப்பியது. விலை 199 டாலர். முதல் 24 மணி நேரத்தில் சுமார் 2,25,000 யந்திரங்கள் விற்றன. இதைவிட நல்ல முகூர்த்தம் கிடைக்காது என்றே தோன்றியது.

ஆனால் சோனி அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே தன் அடுத்த யந்திரத்தைப் பற்றி அறிவித்துவிட்டது. டி.வி.டி. சினிமாவும் பார்க்கக்கூடிய பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவுக்கு வந்தது 2000 அக்டோபரில்தான். ஆயினும், வரப்போகும் யந்திரத்துக்காகப் பலர் பையைத் திறக்காமல் இருந்தார்கள். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய விளையாட்டுக் கம்பெனியோ டிரீம்காஸ்டுக்கு ஒரு விளையாட்டுகூடத் தரவில்லை. சாட்டர்ன் காலத்தில் இழந்த நம்பிக்கையை ஒரு நல்ல தேதியால் மீட்க முடியவில்லை.

2001 ஜனவரி 31-ந் தேதி, யந்திரத் தயாரிப்பையே கைவிடுவதாகச் சேகா அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், சேகாவின் செல்லப் பிள்ளையான சோனிக் என்ற நீல முள்ளெலி, பழைய பகையாளி நின்டெண்டோவின் 'கேம்கியூப்' யந்திரத்தில் ஓடத் தொடங்கியது.