நாய்க்குக் காவல் அம்மாவா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நாய் வளர்க்கும் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "எல்லாரும் கிளம்பிட்டா நாயை யாரு பார்த்துக்கறது?" பதிலும் தயாராகவே இருக்கும். "அதான் அம்மா இருக்காங்கல்ல!"

நாய்க்குட்டி வேண்டுமென்று அடம் பிடித்தவர்கள் பிள்ளைகள். வாங்கி வந்தவர் அப்பா. ஆனால் சோறு வைப்பதும், குளிப்பாட்டுவதும், மற்றவர்கள் ஊர் சுற்றக் கிளம்பும்போது கை காட்டி அனுப்பிவிட்டு நாயோடு வீட்டில் உட்கார்ந்திருப்பதும் அம்மா! எங்கள் தெருவிலேயே இப்படி மூன்று நான்கு வீடுகள் உண்டு. இது நாய் மேல் உள்ள பாசம் இல்லை தோழிகளே, அம்மாவுக்கு எங்கேயும் போக ஆசை இருக்காது என்ற நினைப்பு.

அதற்காக நாயே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் மணி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறது. வயது ஆறு. கோடையில் நான்கு நாள் மலைவாசஸ்தலம் என்று போனால்தான் சுற்றுலாவா? காலையில் கிளம்பி சாயங்காலம் திரும்புகிற மாதிரி பக்கத்திலேயே இரண்டு முறை போய் வந்தால் நாயும் வரலாம், அம்மாவும் வரலாம். செலவும் குறைவு. மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம்.

"நாய்க்கு எதுக்கு டூர்?" என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். நாய்க்கு இயற்கைக் காட்சியெல்லாம் வேண்டாம். நாம் கூட இருந்தால் போதும். அதனால்தான் சொல்கிறேன், அதை அழைத்துப் போவது சுலபம். ஆனால் திட்டம் மட்டும் அதன் காலுக்கும் மூச்சுக்கும் ஏற்றபடி இருக்க வேண்டும்.

முதலில் எங்கே போகக் கூடாது என்று பார்த்துவிடலாம். எங்கள் திருச்சிக்காரர்களுக்கு சித்தன்னவாசல், நார்த்தாமலை எல்லாம் பக்கம். ஆனால் அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்கள். அப்படிப்பட்ட நினைவுச் சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டு வரக் கூடாது என்று 1959ஆம் வருஷத்து விதியே இருக்கிறது. முதுமலை, டாப்சிலிப் போன்ற காடுகளுக்கும் நாயோடு போகக் கூடாது. காரணமில்லாமல் இல்லை. 2018ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் பலவற்றுக்கு டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் இருந்தது தெரிய வந்தது. அது நாய்களிடமிருந்து பரவக்கூடிய நோய். கொல்லிமலைக்கோ 70 கொண்டை ஊசி வளைவுகள்! நமக்கே குமட்டும், வாயில்லாத ஜீவனுக்குக் கேட்க வேண்டுமா? அணைக்கட்டுப் பூங்காக்களுக்குப் போவதானால், நாயை உள்ளே விடுவார்களா என்று முன்னாடியே விசாரித்துவிட வேண்டும். வாசல் வரை போய், கடைசியில் "நீ நாயோட வெளியில இரு, நாங்க பார்த்துட்டு வந்துடறோம்" என்று ஆனால், பழைய கதைதானே?

என்னைக் கேட்டால், உறவுக்காரர் தோப்பைப் போல ஓர் இடம் கிடையாது. லால்குடி தாண்டி எங்கள் சின்ன மாமனாருக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். மோட்டார் எந்த நேரம் ஓடும் என்று முதல் நாளே போன் பண்ணிக் கேட்டுக்கொள்வோம். தொட்டியில் பிள்ளைகள் குதிக்க, வாய்க்கால் தண்ணீரில் மணி படுத்துக்கொள்ள, பொழுது போவதே தெரியாது. நாங்களும் வெறுங்கையோடு போக மாட்டோம். அங்கே எதையும் வெட்டவோ பறிக்கவோ கேட்காமல் கை வைக்க மாட்டோம். அப்போதுதான் அடுத்த வருஷமும் "வாங்க" என்பார்கள்.

ஆனால் தோப்பிலும் நாயைக் கட்டவிழ்த்து விடக் கூடாது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருக்கும். எலிக்கு மருந்து வைத்திருப்பார்கள். கோழி, ஆட்டுக்குட்டி எல்லாம் மேயும். ஊர் நாய்கள் வேறு, நம் நாயைக் கண்டால் சும்மா விடாது. நீளமான துணிக் கயிறாகக் கட்டி யாராவது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இரும்புச் சங்கிலி வெயிலில் சுடும். ஆற்றங்கரை என்றால் இன்னும் கவனம் தேவை. கோடையில் தண்ணீர் கணுக்கால் அளவுதானே என்று இறங்கினால், மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? குழந்தைகளுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது நேரம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். ஒன்று, ஒன்பது மணிக்குள் திரும்பிவிட வேண்டும். இல்லையென்றால் நல்ல நிழலாகப் பார்த்துத் தங்கி, ஐந்து மணிக்கு மேல் கிளம்ப வேண்டும். நடுப்பகலில் பயணமே கூடாது. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு அப்படியில்லை. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். சாதாரணமாகவே அதன் உடம்புச் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். 104ஐத் தாண்டினால் ஆபத்து. தார் ரோட்டிலோ மணலிலோ இறக்கும் முன் உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடியவில்லையா? நாயையும் அதில் நடத்தாதீர்கள். செருப்புப் போட்ட காலுக்கு அந்தச் சூடு தெரியாது.

இரைப்பு நிற்காமல் எச்சில் கெட்டியாக ஒழுகினாலோ, தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே நிழலுக்குக் கொண்டு போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, கால்நடை டாக்டரிடம் ஓட வேண்டும். "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்று காத்திருக்கக் கூடாது.

காரில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து நிமிஷம் கடைக்குப் போய் வருகிறோம் என்று நாயை உள்ளே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். மூடிய காருக்குள் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிவிடும். கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. வாடகை வண்டி என்றால் நாய் வருகிறது என்று டிரைவரிடம் முன்னாடியே சொல்லிவிடுவது மரியாதை. சீட்டின் மேல் பழைய பெட்ஷீட் விரித்துவிட்டால் அவருக்கும் மனசு கோணாது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் நாய்க்கு வயிறு முட்டச் சோறு வைக்காதீர்கள். வழியெல்லாம் வாந்தி எடுக்கும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவையும் கூட்டிப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, மூட்டை கட்டுவது முதல் எச்சில் இலை எடுப்பது வரை அவள் தலையிலேயே கட்டினால் அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்! எங்கள் வீட்டில் வேலையைப் பங்கு போட்டாயிற்று. தண்ணீர் கேனும் மணியின் பிளாஸ்டிக் கிண்ணமும் பையன் பொறுப்பு. பழைய துண்டு, கயிறு, அசிங்கம் பண்ணினால் எடுக்கப் பேப்பரும் கவரும் பெண் பொறுப்பு. தடுப்பூசி அட்டையை எடுத்து வைப்பதும், திரும்பி வந்ததும் காது மடல், கால் விரல் இடுக்கெல்லாம் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் என் கணவர் வேலை. எனக்கு சாப்பாடு மட்டும். அதுவும் புளியோதரை, தயிர் சாதம், வறுவல் என்று முதல் நாளே பாதி முடித்து வைத்துவிடுவேன்.

சாப்பாட்டில் நாய்க்குப் பங்கு கொடுக்கும்போது கவனம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம் மாதிரி. பாயசத்தில் போடும் உலர் திராட்சையும் அதில் சேர்த்திதான். வேக வைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். மாம்பழ சீசன் ஆயிற்றே, கொட்டையைச் சப்பிவிட்டுத் தூக்கிப் போடாதீர்கள். விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். வீட்டிலிருந்தே வெறும் சோறும் கொஞ்சம் தயிரும் தனியாகக் கட்டிக்கொண்டு போய்விடுவது நல்லது.

இன்னொன்று. போன இடத்தில் ஒரு குழந்தை பயந்து அலறினால் "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்று சொல்லிக்கொண்டே நாயை அருகில் விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் பண்ணாது என்று நமக்குத் தெரியும். அந்தக் குழந்தைக்குத் தெரியுமா? கயிற்றைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போவதுதான் அழகு. வெறிநாய்க்கடி தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அரசு கால்நடை மருத்துவமனையிலேயே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லா நாயையும் அழைத்துப் போக முடியாது என்பதும் உண்மை. வயதானது, சீக்கானது, தடுப்பூசி முடியாத குட்டி, சூடு தாங்காத தட்டை மூக்கு ஜாதி இவையெல்லாம் மே மாதத்தில் வீட்டில் இருப்பதே நல்லது. அப்போது அதோடு யாராவது ஒருவர் இருந்துதான் ஆக வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் அம்மாவாகவே இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. ஒரு தடவை அப்பா இருக்கட்டும். இன்னொரு தடவை காலேஜ் போகிற பிள்ளை இருக்கட்டும். நாய் எல்லோருக்கும் பொது என்றால் காவலும் பொதுதானே?

ஆகவே தோழிகளே, இந்த விடுமுறைக்கு வீட்டில் பேச்சு எழும்போது "நான் இருந்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று நாமே முந்திக்கொண்டு சொல்வதை முதலில் நிறுத்துவோம். இடம் எது, நேரம் எது, யார் எதைத் தூக்குவது என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவோம். அந்தத் தாளில் நம் பெயருக்கு நேரே ஒரு வேலை இருந்தால் போதும். மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

- ஓர் இல்லத்தரசி, திருச்சி.