எள்ளல் யார் மீது?

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கென வகுத்த தொல்காப்பியர், எள்ளலை முதலில் வைத்தார். யாரை எள்ளுவது என்னும் வினாவைத் திரைப்படத்தை நோக்கி நாம் எழுப்பியாக வேண்டும்.

1952இல் வெளிவந்த 'பாஷேர் பாரி' என்னும் வங்காளப் படத்தின் கதை, 1960இல் 'அடுத்த வீட்டுப் பெண்' எனத் தமிழுக்கு வந்தது. 1968இல் 'படோசன்' என இந்திக்குச் சென்றது. இந்தியில் இசையாசிரியர் தமிழராக்கப்பட்டார். குடுமியும் கொச்சை இந்தியுமே அவருக்கு அடையாளமாயின. மெஹ்மூதின் நடிப்பையோ, அவருக்காகப் பாடிய மன்னா தேயின் குரலையோ நாம் குறைகூறவில்லை. ஆயினும், 'மதராசி' என்றால் இவ்வுருவமே என வடபுலத்தார் பலர் நெஞ்சில் பதிந்துவிட்டதே! ஹௌராவில் வந்திறங்கிய நம் மக்களை அலுவலகத்திலும் பள்ளியிலும் எதிர்கொண்டது அந்தப் போலிக் குரலன்றோ?

"வேடிக்கைதானே!" என்பாரும் நம்மிடையே உளர். அவர்கள் வரலாற்றை நோக்குக. 1834 முதல் இக்கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து மொரீஷியசுக்கும், 1860 முதல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் கப்பலேற்றப்பட்டனர். உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் 'கூலி' என்னும் நம் சொல், தென்னாப்பிரிக்காவில் இந்தியர் அனைவரையும் இழிக்கும் வசையாயிற்று. மனிதனைக் கேலிப்பொருளாக்கிவிட்டால், அவனை அடிமையாக நடத்துவது எளிதாகிவிடுகிறது.

இதற்கு மருந்து தடையன்று, நேர்மையான எள்ளலே. இந்நகரம் ஈன்ற சத்யஜித் ராய், 1980இல் 'ஹீரக் ராஜார் தேஷே' படத்தில் அதனைச் செய்து காட்டினார். வைரச் சுரங்கத்தில் வாடும் தொழிலாளியையோ, வரி கொடுக்க இயலாத உழவனையோ பார்த்து அப்படம் நகைக்கவில்லை. அவர்களுடைய மூளையைச் சலவை செய்ய எந்திரம் அமைத்த மன்னனைப் பார்த்தே நகைக்கிறது. இறுதியில் அம்மன்னனே அவ்வெந்திரத்துள் தள்ளப்பட்டுத் தன் சிலையைத் தானே கயிறு கட்டி இழுக்கிறான். எளியோன் தலைநிமிர, வலியோன் நகைப்புக்கிடமாகிறான்.

தமிழ்த் திரையும் இவ்வழி அறியாததன்று. சாதிச் சண்டைக்கு மைதானம் திறந்த மன்னனை 2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' எள்ளியது. ஆனால் அடுத்த ஆண்டே வந்த 'சிவாஜி', பாரி மகளிரின் பெயர்களான அங்கவை, சங்கவை என்பவற்றை இரு பெண்களுக்குச் சூட்டி, அவர்தம் கருநிறத்தை நகைப்பாக்கியது. பறம்புமலை வள்ளலின் மக்களுக்குத் தமிழர் செய்த சிறப்பு இதுதானா? இதற்குக் கைதட்டியவர் 'படோசனை' எவ்வாயால் பழிப்பது?

ஆதலின் நம் சங்க மேடை நாடகங்களில், வங்காளியின் உச்சரிப்போ பீகாரியின் வறுமையோ நகைப்பொருளாதல் வேண்டா. அதிகாரமும் ஆணவமும் அங்கே எள்ளப்படட்டும். நம்மை இழித்த நகையை வெல்லும் வழி, பிறரை இழிக்காத நகையே.