வாத்தியக்காரருக்குப் படம் உண்டா?

காணையில் நம் தோழர்கள் சிலர் ஒரு புத்தகத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அது புராணமுமல்ல, பஞ்சாங்கமுமல்ல, பரீட்சைக்குப் படிக்கும் புத்தகமுமல்ல. அமெரிக்கா தேசத்துச் சிக்காகோ நகரில் 1969-ம் வருஷம் ஜனவரி மாதம் 4-ந் தேதி, ஒரே நாளில் நடந்த ஒரு பாட்டுப் பதிவைப் பற்றிய படப் புத்தகமாகும் அது. 2022-ல் அச்சாகி வெளிவந்த அதை வரவழைக்க இவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பணம் அனுப்பிவிட்டு, தபால் வருகிற வேளை பார்த்து டீக்கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊரில் பலர் இதைக் கண்டு சிரிக்கிறார்கள். "காணையிலிருக்கிறவனுக்குச் சிக்காகோ பாட்டு எதற்கடா?" என்றும் கேட்கிறார்கள். தன் வீட்டுக் கலியாணத்தில் தனக்கு ஒரு வார்த்தையும் புரியாத பாஷையில் மந்திரம் சொல்லக் கேட்டுக்கொண்டு, அதற்குத் தட்சிணையும் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது வேடிக்கைதான். நிற்க.

அந்தப் பதிவின் சங்கதி என்னவென்றால், புளூஸ் என்பது அமெரிக்காவில் அடிமைகளாய் விற்கப்பட்ட கறுப்பு மக்களின் சந்ததியார் பருத்திக் காட்டிலும் ரயில் பாதை வேலையிலும் ஜெயிலிலும் பாடிப் பாடி உண்டாக்கிய பாட்டு. கோவிலுக்காகவோ ராஜாவுக்காகவோ உண்டானதல்ல. தன் துக்கத்தைத் தானே சொல்லிக்கொள்வதற்காக உண்டானது. நம் பக்கத்து ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு அதன் நயம் சொல்லிக் கொடுக்காமலே விளங்கும். இந்தப் பாட்டைப் பிளேட்டு பிளேட்டாகக் கேட்டுப் பழகிய இங்கிலீஷ்காரப் பையன்கள் சிலர் 'பிளீட்வுட் மேக்' என்ற பெயரில் ஒரு கோஷ்டி சேர்த்து, தங்கள் தேசத்தில் பெயரும் பணமும் சம்பாதித்துவிட்டார்கள். அவர்களில் தலைவராயிருந்த பீட்டர் கிரீனுக்கு அப்போது வயது 22. இவர்கள் சிக்காகோவுக்குப் போனபோது, செஸ் கம்பெனியின் பதிவறைக்குச் சென்று, அந்தப் பாட்டை உண்டாக்கிய பெரியவர்களோடு உட்கார்ந்து வாசித்தார்கள். (செஸ் என்றால் இங்கே சதுரங்கமல்ல, போலந்து தேசத்திலிருந்து குடியேறி அந்தக் கம்பெனியை நடத்திய சகோதரர்களின் குடும்பப் பெயர்.) பியானோவுக்கு ஓட்டிஸ் ஸ்பான், பெரிய பிடில் போன்ற பாஸ் வாத்தியத்துக்கு வில்லி டிக்சன், வாய் ஆர்மோனியத்துக்கு வால்டர் ஹார்ட்டன், கிட்டாருக்கு ஹனிபாய் எட்வர்ட்ஸ் முதலானவர்கள் வந்திருந்தார்கள். அந்த வருஷ முடிவில் அது இரண்டு பிளேட்டுகளாய் வெளிவந்தது. அன்றைக்கு ஜெப் லோவென்தால் என்பவர் காமிராவோடு அந்த அறையில் இருந்தார். அவர் எடுத்த படங்கள்தான் 53 வருஷங்கள் கழித்துப் புத்தகமாகியிருக்கின்றன.

பிளேட்டில் கேட்கும்போது எந்தக் கை எந்தச் சத்தத்தை உண்டாக்குகிறது என்பது தெரியாது. படத்தில்தான் யார் யார் அந்த அறையில் இருந்தார்கள், யார் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார்கள் என்பது தெரியும். வெள்ளைக்காரப் பையன் கறுப்புக் கிழவரிடம் பாடம் கேட்க வந்தான் என்பதற்குப் படத்தைவிடச் சாட்சி வேறில்லை. ஆகவே காணைத் தோழர்கள் காத்திருப்பதை நாம் கேலி செய்ய மாட்டோம்.

ஆனால் அவர்களுக்கு வேறொன்றைச் சொல்ல ஆசைப்படுகிறோம். அன்றைக்குப் பியானோ வாசித்த ஓட்டிஸ் ஸ்பான் அடுத்த வருஷமே, 1970 ஏப்ரலில், இறந்துபோனார். உலகமெல்லாம் அவர் பிளேட்டுகள் சுழன்றுகொண்டிருக்க, சிக்காகோவை அடுத்த இடுகாட்டில் அவரைப் புதைத்த இடத்தில் பெயர் எழுதிய ஒரு கல்கூட இல்லாமல் கிட்டத்தட்ட 30 வருஷம் கிடந்தது. கடைசியில் 1999 ஜூன் மாதத்தில்தான் ஒரு கல் வைக்கப்பட்டது. யார் வைத்தார்கள்? பிளேட்டு விற்றுப் பணம் சேர்த்த கம்பெனிக்காரர்களா? இல்லை. ஒரு ரசிகர் பத்திரிகையில் எழுதி இது வெட்கக்கேடு என்று எடுத்துச் சொன்னதன் பேரில், பல தேசத்து ரசிகர்கள் அனுப்பிய பணத்தில் அந்தக் கல் வாங்கப்பட்டது. வில்லி டிக்சனோ தன் பாட்டை எடுத்துத் தங்கள் பெயரில் போட்டுக்கொண்டதாக 1985-ல் லெட் செப்பலின் என்ற பெரிய கோஷ்டியின் மேல் வழக்குத் தொடர்ந்து, 1987-ல் அது ராஜியாகித் தனக்குச் சேர வேண்டியதைப் பெற்றார். ரசிகன் என்றால் புத்தகத்துக்குக் காத்திருக்கிறவன் மாத்திரமல்ல, கல்லுக்குப் பணம் அனுப்புகிறவனும்தான் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இந்தக் கறுப்புக் கலைஞர்களின் பெருமையைக் களவாடுவதற்குச் சட்டத்தைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. ராபர்ட் ஜான்சன் என்று ஒருவர் இருந்தார். 1936-லும் 1937-லும் டெக்சாஸ் மாகாணத்தில் 29 பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு, 1938-ல் தம் 27-வது வயதிலேயே இறந்துபோனவர். அவர் முகத்தைக் காட்டும் படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. இவர் இவ்வளவு நன்றாக வாசித்ததற்கு ஜனங்கள் சொல்லும் காரணம் என்ன தெரியுமா? நடு இரவில் நாற்சந்தியில் நின்று பிசாசுக்குத் தன் ஆத்மாவை விற்று அந்த வித்தையை வாங்கினாராம்! ஐக் ஜிம்மர்மன் என்ற இன்னொரு கறுப்பரிடம் போய், மாதக் கணக்கில் உட்கார்ந்து பழகினார் என்பது உண்மை. ஆனால் உழைத்துக் கற்றான் என்று சொன்னால் மற்றவர்களுக்குப் பொறுக்குமா? நம் நாட்டிலே ஆடு மேய்த்தவன் பாட்டுக் கட்டினால் காளி நாக்கில் எழுதினாள் என்பார்கள். அங்கே பிசாசு, இங்கே காளி. இரண்டு இடத்திலும் பாட்டுக்காரனுடைய விரலும் தொண்டையும் பட்ட பாட்டுக்கு மதிப்பில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிளேட்டுக்காரர்கள் இந்தியாவுக்கு வந்தது 1902-ல். அந்த வருஷம் நவம்பரில் கல்கத்தாவில் கெய்ஸ்பர்க் என்பவர் கவுகர்ஜான் அம்மையாரின் பாட்டைப் பதிவு செய்தார். அந்தக் காலத்தில் மின்சார மைக்கு கிடையாது. அது பதிவுக்கு வந்தது 1925-க்குப் பிறகுதான். ஒரு பெரிய தகரக் கொம்புக்குள் தலையை நீட்டிக்கொண்டு, மூன்று நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கி, உரக்கப் பாட வேண்டும். ஊசி மெழுகில் கோடு போடும். அந்த மெழுகை ஜெர்மனியில் ஹனோவர் நகரத்துக்கு அனுப்பிப் பிளேட்டு அடித்து வருவார்கள். 1908-ல்தான் கல்கத்தாவில் தொழிற்சாலை ஏற்பட்டது. ஹனோவரிலிருக்கிற வேலைக்காரருக்குப் பாடினவர் இன்னாரென்று தெரிவதற்காகப் பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே இங்கிலீஷில் கூவிச் சொல்லும் வழக்கமும் உண்டாயிற்று. வியாபாரத்துக்குப் பெயர் தேவைப்பட்டது, கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் அந்தக் கொம்புக்கு முன்னால் முதலில் வந்து துணிந்து நின்றவர்கள் யார்? உயர்ந்த ஜாதி என்று சொல்லிக்கொண்ட வித்துவான்கள் பலர், யந்திரத்தில் பாடினால் குரல் போய்விடும் என்றும், கண்டவன் வீட்டிலும் நம் பாட்டுக் கேட்பதா என்றும் தயங்கி நின்றார்கள். பொட்டுக் கட்டும் குடும்பங்களில் பிறந்த பெண்மணிகளே வந்து பாடினார்கள். சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி, காஞ்சீபுரம் தனகோடி ஆகியவர்களுடைய குரல்கள் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே பிளேட்டில் ஏறின. இந்தியாவுக்கு வந்துபோன மாரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு சங்கீதக்காரர், தாயியின் பாட்டில் மயங்கிப் பியானோவுக்கு 'ராகமாலிகை' என்றே பெயரிட்டு ஓர் உருப்படி எழுதினார். பிரெஞ்சுக்காரர் காதுக்கு எட்டிய குரல் அது. ஆனால் அந்த அம்மையார் கொம்புக்கு முன்னால் நின்று பாடும் படம் ஒன்றுகூட நம் கண்ணில் பட்டதில்லை. இன்றைக்குச் சபா மண்டபங்களில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படங்களை எண்ணிப் பாருங்கள். அவற்றில் எத்தனை இந்தப் பெண்மணிகளுடையவை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மேளக்காரர் சங்கதியோ இன்னும் மோசம். தோளில் துண்டு போட்டுக்கொண்டு நாதசுரம் வாசிக்கக்கூடாதென்று சொன்ன காலம் ஒன்றிருந்தது. செட்டிநாட்டில் கானாடுகாத்தான் கலியாணமொன்றில் மதுரை சிவக்கொழுந்து அவர்களைத் துண்டை எடுக்கச் சொன்னபோது, பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கே நின்று, எடுக்காமலே வாசிக்கச் செய்த சங்கதி நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. பின்னர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவர்கள் கிராப்பும் ஷெர்வானியுமாய் மேடையில் உட்கார்ந்தே வாசித்து, 1947 ஆகஸ்டில் டில்லிச் சுதந்திர விழாவிலும் வாசித்தார். அவருக்குப் படங்கள் உண்டு. ஏனென்றால் அவர் யாருக்கும் தலைகுனியவில்லை. அன்றியும் பிளேட்டு விற்றது. அவ்வளவு துணிச்சலும் அவ்வளவு விற்பனையும் வாய்க்காதவர்களுக்கு என்ன உண்டு?

விழுப்புரம், காணைப் பக்கத்து எந்தக் கலியாண ஆல்பத்தையாவது புரட்டிப் பாருங்கள். 300 படங்கள் இருக்கும். மாப்பிள்ளை செருப்புப் போடுகிற படம்கூட இருக்கும். மேளக்காரருடைய கன்னம் பாதியும் கொம்பு பாதியுமாய் ஏதோ ஒரு மூலையில் தெரிந்தால் அது போட்டோக்காரர் கை தவறியதென்று வைத்துக்கொள்ளலாம். சாவு வீட்டுக்கு ஒட்டும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் கொள்ளுப்பேரன் வரைக்கும் 50 பெயர்கள் அச்சாகின்றன. ராத்திரி முழுவதும் பறையடித்தவர் பெயர் அதில் உண்டா? விடிய விடிய மாரடித்து ஒப்பாரி பாடிய கிழவி பெயர் உண்டா? திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் அடிக்கிறவர் பெயர் நோட்டீசில் 'பம்பை மேளத்துடன்' என்ற இரண்டு வார்த்தைகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்பானின் சமாதியில் கல் இல்லாமலிருந்தது 30 வருஷம். இவர்களுக்கோ உயிரோடிருக்கும்போதே பெயரில்லை.

இங்கே ஒரு தோழர் எழுந்து, "பறையடிப்பது ஜாதி சுமத்திய இழிதொழில், அதை விட்டுத் தொலையுங்கள் என்று சொல்லி வந்தவர்களே இப்போது அதைப் படம் பிடிக்கச் சொல்லுகிறீர்களே, இது முரண் இல்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் விடச் சொன்னது கட்டாயத்தை. இன்ன ஜாதியில் பிறந்தாய், ஆகையால் என் வீட்டுப் பிணத்துக்கு நீ வந்து அடிக்க வேண்டும், கூலி நான் கொடுத்ததுதான், குடிக்கத் தண்ணீர் சிரட்டையில்தான் என்பதை ஒழிக்க வேண்டுமென்றோம். இன்றும் அப்படித்தான் சொல்லுகிறோம். மாட்டேன் என்று சொல்லுகிற பறைக்காரருக்கு அந்த உரிமை முதலில் இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தாளத்தைக் கண்டுபிடித்த மூளையும் கையும் அவருடையவை. புளூஸ் நன்றாயிருக்கிறதென்பதற்காகப் பருத்திக் காட்டு அடிமைத்தனத்தைத் திரும்பக் கொண்டுவா என்று எந்தக் கறுப்பரும் சொல்லவில்லை. அடிமைத்தனம் கெட்டதென்பதற்காகப் பாட்டைக் குப்பையில் போடவுமில்லை. பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதனால் தாயியின் குரல் கெட்டதாகிவிடுமா? கொடுமையை ஒழிக்கிறபோது கொடுமைப்பட்டவன் சம்பாதித்து வைத்த வித்தையையும் சேர்த்து ஒழித்தால், அதைப் பிறகு வேறொருவன் எடுத்துக்கொண்டு மேடையேறித் தன் பாட்டனார் சொத்தென்பான். அந்தக் கதையையும் இந்த நாடு ஒரு தடவைக்கு மேல் பார்த்தாகிவிட்டது.

ஆகவே காணைத் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். தபால் வரட்டும், புத்தகத்தைப் பாருங்கள். ஆனால் அதுவரை டீக்கடை வாசலில் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டாம். உங்கள் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிற டெலிபோனிலேயே காமிரா இருக்கிறது, சத்தம் பதிகிற வசதியும் இருக்கிறது. லோவென்தாலுக்கு அன்றைக்கு இருந்ததைவிட அதிக வசதி. காணையைச் சுற்றியுள்ள ஊர்களில் பம்பைக்காரர், பறைக்காரர், கூத்தில் மிருதங்கம் அடிக்கிறவர், முகவீணை ஊதுகிறவர், ஒப்பாரி பாடுகிற பாட்டிமார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று ஒரு ஜாபிதா போடுங்கள். அவர்கள் சம்மதத்தின் பேரில், அவர்கள் சொல்லுகிற நாளில், ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பதியுங்கள். திண்ணைக்குக் கீழே நிற்கவைத்து எடுக்க வேண்டாம். கும்பலாய் எடுத்துவிட்டு 'கிராமியக் கலைஞர்கள்' என்று கீழே எழுதுவதும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனிப் படம், முழுப் பெயர், யாரிடம் கற்றார், வாத்தியத்துக்கு அவர் சொல்லுகிற பெயர் என்ன, தோல் எப்படிக் கட்டுகிறார், எந்த அடிக்கு என்ன பெயர், எத்தனை வயதில் தொடங்கினார் என்பவற்றை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். பாடியதற்கு அன்றே கூலி கொடுங்கள். பின்னால் புத்தகமாகி விற்றால் பங்கு என்றும் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். படத்தின் பிரதி ஒன்று சட்டம் போட்டு அவர் வீட்டுச் சுவருக்குப் போகட்டும். சாமி வேடத்திலோ சாமியாடும்போதோ எடுத்தால்தான் அழகு என்று போட்டோக்காரர் யாராவது யோசனை சொன்னால், அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இந்தக் கட்டுரைக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது அத்தோழர்களில் ஒருவர், தம் ஊர்ப் பம்பைக்காரப் பெரியவருக்கு 80 வயதுக்கு மேலாகிறதென்றும், அவரிடம் கற்றுக்கொண்டவர் ஒருவரும் இல்லையென்றும் சொன்னார். அவரைப் படம் எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டோம். ஆதார் அட்டையில் ஒன்று இருக்கிறது என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை போவதாக ஏற்பாடு. நாற்காலி டீக்கடைக்காரர் தருகிறேன் என்றிருக்கிறார். நல்ல காமிரா உள்ள தோழர்கள் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இருந்தால் சனிக்கிழமை மாலைக்குள் காணைக்கு வந்து சேரலாம். பஸ் சார்ஜும் சாப்பாடும் கொடுக்கப்படும்.